கன்னி மூலையில் ஒரு கதவு

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நான் வெளியேற இன்னொரு வழி எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். மாப்பிள்ளை, பெண், மேடை அலங்காரம் எல்லாம் அதற்கப்புறம்தான். போன ஆவணியில் தாராபுரம் ரோட்டில் புதிதாகக் கட்டிய ஒரு ஏசி மண்டபத்துக்குப் போயிருந்தோம். மனைவி வழியில் ஒரு கல்யாணம். பின்பக்கக் கதவுக்கு அப்போதுதான் சிவப்பு எனாமல் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது. அந்த வாசனை பன்னீரையும் மல்லிகையையும் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. கதவுக்கு மேலே பச்சை விளக்கில் ஒரு மனிதன் வெளியே ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓட முடியாதபடி கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளை நகர்த்த ஆரம்பித்தேன். "வந்த எடத்துலயுமாங்க? பட்டு வேட்டி கட்டீட்டு சேர் தூக்கீட்டு நிக்கறீங்க" என்றாள் மனைவி. பெண் வீட்டுக்காரர் ஒருவர் என்னை வாடகைச் சாமான் கடையின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணா, அப்படியே மேடைக்கு முன்னால ரெண்டு வரிசை போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

இந்த வியாதி எனக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. நான் அமெரிக்காவுக்குப் போனவனில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் திருப்பூரில் ஒரு காலத்தில் என் பெயரே அமெரிக்கா. அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்கே தெரியாது. "ஓ, நம்ம அமெரிக்காவா? மேல இருக்கறாருங்க" என்பார்.

நான் படித்தது எம்.ஏ. வரலாறு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு எடுத்தவனுக்கு அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள் உண்டு. எதற்காக வைத்தார்கள் என்று வைத்தவர்களுக்காவது தெரியுமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். குண்டடத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் சோளத்தட்டுப் போரின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் சுகாதாரக் கேடு எப்படி ஒழிக்கப்பட்டது என்று உரக்கப் படித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் எருமை ஒன்றுதான். அதற்கு அந்தப் பாடம் பிடித்திருக்க நியாயமில்லை.

அந்தத் தாளில் எனக்குப் பிடித்த பகுதி இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷங்கள். முற்போக்குக் காலம் என்று கைடில் போட்டிருக்கும். பெரிய முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து கட்டிய ஏகபோகங்களை உடைக்கப் புறப்பட்ட, மூக்குக்கண்ணாடி போட்ட மீசைக்கார ஜனாதிபதி. ஊர்க் குப்பையையெல்லாம் கிளறி அச்சில் போட்ட பத்திரிகைக்காரர்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு ஊர்வலம் போனவர்கள். ஓட்டுரிமை கேட்டு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பெண்கள். அரசியல் சட்டத்துக்கு அடுத்தடுத்து நான்கு திருத்தம் கொண்டுவந்தார்கள். எங்கள் பேராசிரியர் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். "வரி, ஓட்டு, தண்ணி, பொம்பளை. பஸ்ஸுல வரும்போது சொல்லிக்கிட்டே வா, மறக்காது" என்பார். வருமான வரி, செனட்டரை மக்களே தேர்ந்தெடுப்பது, மதுவிலக்கு, பெண்களுக்கு வாக்கு. நான் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அந்த நான்கையும் முணுமுணுத்ததைக் கேட்டு, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

படித்து முடித்தேன். குண்டடம் பக்கம் அமெரிக்க வரலாறு தேவைப்படுகிறவர் ஒருவரும் இல்லை. திருப்பூரில்தான் ஒருவர் இருந்தார். அவர் நாச்சிமுத்து அண்ணன்.

நாச்சிமுத்து அண்ணன் தோட்டத்துக் கிணறு வற்றியதும் மாட்டை விற்றுத் தையல் மெஷின் வாங்கித் திருப்பூருக்கு வந்தவர். நான் போனபோது மங்கலம் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடிக் கட்டடமும், அமெரிக்கக் கடைகளுக்குக் குழந்தைகள் பனியன் தைத்து அனுப்பும் ஆர்டரும் வைத்திருந்தார். வாங்குகிற கம்பெனிக்காரர்களை எல்லாரும் பையர் என்பார்கள். அந்தப் பையர் திடீரென்று ஒரு புத்தகம் நிறைய விதிமுறைகளை அனுப்பிவிட்டான். தொழிலாளிக்குக் குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவி, தீயணைப்பு என்று ஒரே பட்டியல். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். அந்த வார்த்தையைச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"நீ என்ன படிச்சிருக்கற தம்பி?"

"எம்.ஏ. ஹிஸ்டரிங்க. அமெரிக்கா ஸ்பெஷலுங்க."

"பையர் அமெரிக்காக்காரன். நீ அமெரிக்கா படிச்சவன். அப்பறமென்ன, நாளைக்கே வந்துரு."

ஆனாலும் சும்மா விடவில்லை. அமெரிக்காவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது அந்த நான்குதான். சொன்னேன். "வருமான வரிய அவனுகதான் ஆரம்பிச்சானுகளா? அதான பாத்தேன்" என்றார். மதுவிலக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நின்னுச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, பதிமூணு வருசத்துல சட்டத்தையே திருப்பி எடுத்துட்டாங்க." "நம்மூரு மாதிரியேதான் இருக்குது" என்று திருப்தியாகச் சிரித்தார். பெண்களுக்கு ஓட்டு வந்ததே 1920-ல்தான் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "அத்தன பெரிய ஊர்லயா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தன் மனைவியிடம் போனில் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார்.

இனிமேல்தான் கதவுக்கு வருகிறேன். எங்கள் தையல் மொத்தமும் மாடியில். முன்பக்கம் ஒரே ஒரு படிக்கட்டு. அதிலேதான் ஆளும் ஏறவேண்டும், துணி ரோலும் ஏறவேண்டும். மாடியின் கடைசியில், படிக்கட்டுக்கு ரொம்ப தூரத்தில், செக்கிங் பெண்களின் மேஜை. தைத்த பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். அவர்களுக்குத் தலைவி எஸ்தர் அக்கா. தாராபுரம் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் இளைத்துவிட்டது. முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பார். காலையில் அந்தப் படிக்கட்டில் ஏறி வர அவருக்கு ஒரு பாடாகும். பையர் சொன்னபடி தீ ஒத்திகை வைத்து மணி அடித்தால், எல்லாரும் திமுதிமுவென்று இறங்கிச் சந்து முனை டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அக்கா துணி ரோல்களுக்கு நடுவே ஒவ்வொரு படியாக வருவார். "அவசரமில்லீங்க தம்பி. நீங்கல்லாம் டீ குடிச்சு முடிச்சு கெளாசக் கழுவறதுக்குள்ள வந்துருவேன்" என்பார். எல்லாரும் சிரிப்போம். எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

பின்பக்கம் இன்னொரு வழி வேண்டும் என்று புத்தகம் சொன்னது. வடக்கே பக்கத்துக் கட்டடத்துச் சுவர் ஒட்டியிருந்தது. தெற்கேயும் அப்படித்தான். மேற்கே சந்து உண்டு, ஆனால் அந்தப் பக்கத்தில் முக்கால்வாசியைக் கழிப்பறை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்தது தென்மேற்கு மூலை ஒன்றுதான். எங்கள் ஊரில் அதைக் கன்னி மூலை என்பார்கள். அங்கே கனம் இருக்கவேண்டும். பீரோ, கல்லாப்பெட்டி மாதிரி ஏதாவது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாசல் வைத்தால் வீட்டு லட்சுமி அந்த வழியாகவே போய்விடுவாள். நாச்சிமுத்து அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் திசைகாட்டியைத் தரையில் வைத்து, ரொம்ப நேரம் கண்ணை மூடிவிட்டு, "கன்னி மூலையில படி வரலாம், கனம்தான். வாசல் வரக்கூடாது" என்றார்.

அண்ணன் இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காதவர். பையருக்காகச் சந்திலிருந்து மாடிவரை இரும்புப் படிக்கட்டு அடித்தார். வாஸ்துவுக்காகக் கதவு வைக்கவில்லை. மாதக்கணக்கில் அந்தப் படிக்கட்டு சந்திலிருந்து கிளம்பி மேலே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வந்தவர் போனவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எஸ்தர் அக்கா மட்டும், "படி வந்துருச்சுல்லங்க. கதவு பின்னாலயே வரும், வேற எங்க போகுது" என்று சொல்வார்.

வரத்தான் செய்தது. பையர் அனுப்பிய ஆடிட்டர் அம்மா ஒருவர் படியைக் கீழிருந்தும் சுவரை மேலிருந்தும் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து ஒரு பக்கம் நிறைய எழுதினார். அடுத்த வாரமே சுவரை இடித்து இரும்புக் கதவு மாட்டினோம். வெளிப்பக்கம் தள்ளித் திறக்கிற கதவு. அதுவும் புத்தகத்தில் இருந்தது. நம் வீட்டுக் கதவு எதுவும் அப்படித் திறக்காது. "வெளிய தள்ற கதவா? வர்ற லட்சுமிய மூஞ்சில அடிக்கற மாதிரியல்ல இருக்குது" என்று அண்ணன் நொந்துகொண்டார். சிவப்பு எனாமல் அடித்தேன். அதன் வாசனை காயும் முன்பே அண்ணன் ஆள் வைத்து ஒரு பெரிய இரும்பு பீரோவைத் தூக்கி வந்து கதவை மறைத்து நிறுத்தினார். உள்ளே பழைய சாம்பிள் பனியன்கள். அசைக்க நான்கு ஆள் வேண்டும்.

ஆடிட் நாளில் பீரோ விலகும். ஆடிட்டர் கார் சந்தைத் தாண்டியதும் பீரோ திரும்பும். தேர் மாதிரி அதற்கு என்று ஆட்கள், அதற்கு என்று ஒரு சத்தம். என் உத்தியோகம் என்ன என்று ஊரில் கேட்டால் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்பேன். உண்மையில் பீரோ தள்ளுகிறவர்களுக்கு முன்னால் நின்று "பாத்து, பாத்து" என்று சொல்வதுதான் என் வேலை.

விதிகள் எதற்காக வந்தன என்று தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி. நான் என் கைடைப் புரட்டினேன். 'தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன' என்று ஒரே வரி இருந்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கு அது போதும், வகுப்புக்குப் போதாது. அப்போது தெருவுக்கு ஒரு பிரௌசிங் சென்டர் உண்டு. மரத்தடுப்புக்குள் மின்விசிறி இல்லாமல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினேன். கிடைத்ததைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் அறைக்குப் போனேன்.

மறுநாள் டீ நேரத்தில் செக்கிங் மேஜையைச் சுற்றி எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். 1911-ல் நியூயார்க்கில் ஒரு தையல் கம்பெனி. நம்மைப்போல மாடியில்தான், ஆனால் எட்டு, ஒன்பது, பத்தாவது மாடி. பெண்கள் போடுகிற சட்டை தைத்தார்கள். தைத்தவர்களில் பாதிக்கு மேல் இளம்பெண்கள். இத்தாலியிலிருந்தும் ருஷ்யா பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. ஒரு சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் வெட்டுத்துணிக் குவியலில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்பக்கத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. நூற்று நாற்பத்தாறு பேர் செத்துப்போனார்கள். பலர் சன்னல் வழியாகக் குதித்தார்கள்.

வழக்கமாக என் வகுப்பில் பாதிப்பேர் தூங்குவார்கள். அன்று டீ ஆறிப் போனது. எஸ்தர் அக்காதான் முதலில் பேசினார்.

"கதவ எதுக்குங்க தம்பி பூட்டி வெச்சிருந்தாங்க?"

"வேலை முடிஞ்சு போகயில துணி கிணி திருடீட்டுப் போயிருவாங்கன்னுங்கக்கா. ஒரே வழியா விட்டு, பையத் தொறந்து பாத்து அனுப்பறதுக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். பீரோ தன் பாட்டில் நின்றது. "நம்மளுது திருட்டுக்கு இல்லீங்க, லட்சுமிக்கு. அந்த மட்டுக்கு நாம தேவலை" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

மிச்சத்தையும் சொன்னேன். கொட்டுகிற மழையில் லட்சக்கணக்கானவர்கள் சாவு ஊர்வலம் போனதை, அரசாங்கம் கமிஷன் போட்டுக் கம்பெனி கம்பெனியாக நுழைந்து பார்த்ததை, கதவைப் பூட்டக்கூடாது, வெளிப்பக்கம் திறக்கவேண்டும், ஒத்திகை நடத்தவேண்டும் என்று சட்டங்கள் வந்ததை. அன்றைக்குத் தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண் பிற்பாடு அந்த நாட்டின் முதல் பெண் மந்திரியானதை. பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொதலாளிக என்ன ஆனாங்க?"

"ரெண்டு பேருங்க. கேஸுல விடுதலை ஆயிட்டாங்க."

அண்ணன் மூச்சு விட்டுவிட்டு டீயை எடுத்தார்.

"அதுல ஒருத்தரு ரெண்டு வருசம் கழிச்சு இன்னொரு கம்பெனில மறுக்கா கதவப் பூட்டி மாட்டிக்கிட்டாருங்க" என்றேன். அவர் டீயைக் குடிக்காமலே கீழே இறங்கிப் போனார். பீரோ அங்கேயே இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிட ஒரு படி மேல். முந்தின நாள் மெஷின்கள் ஓடாது. இருக்கிற பொருள் அத்தனையையும் நகர்த்திக் கூட்டி, கழுவி, தூசி தட்டுவார்கள். வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் ஆடிட்டர் வராமலே பீரோ விலகும். பூஜையன்று வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை. சந்தனமும் சாம்பிராணியும் மெஷின் ஆயிலும் கலந்து ஒரு வாசனை வரும். இப்போதும் எங்காவது சாம்பிராணிப் புகைக்குள் மெஷின் ஆயில் மணந்தால் எனக்குப் புதுச்சட்டை போட்ட நினைப்பு வந்துவிடும்.

அண்ணன் வேட்டி துண்டோடு கற்பூரத் தட்டை ஏந்தி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். கட்டிங் மேஜை, தையல் மெஷின், அயர்ன் பாக்ஸ், தராசு. பூசாரிக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. நான் பொரித் தட்டோடு பின்னாலேயே போனேன். கடைசியில் செக்கிங் மேஜை. அதையும் காட்டிவிட்டுத் திரும்பினவர் அப்படியே நின்றார்.

சுவரோரமாகத் தள்ளி வைத்த பீரோ திரும்ப வந்திருக்கவில்லை. சிவப்புக் கதவு பளபளவென்று கழுவி நின்றது. நிலைச் சட்டத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே மாவிலைத் தோரணம். கீழே தரையில் செக்கிங் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோலம். கதவு ஆகாயத்தைப் பார்க்கத் திறந்திருந்தது. அந்த மூலையிலிருந்து அப்படி ஒரு வெளிச்சம் வருமென்று எங்கள் யாருக்குமே தெரியாது.

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சந்தனம் குங்குமம் வைத்த ஒன்றுக்கு முன்னால் எரிகிற கற்பூரத்தை வைத்துக்கொண்டு காட்டாமல் திரும்பிப் போக எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் வராது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பொரியைப் பார்த்தேன். மெதுவாகத் தட்டைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

எஸ்தர் அக்கா முழங்காலை அழுத்திக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். "அண்ணா, தீபாராதனை காட்டுன வாசலுங்க. இனி பீரோவ எப்படிங்க கொண்டாந்து குறுக்க வெக்கறது? வாசல அடைக்கக் கூடாதுங்களே."

"இதெல்லாம் உன்ற வேலையா சாமி?"

"பொட்டு வெச்சது நானில்லீங்க. நான் வெக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். சந்தனம் கரைச்சுக் குடுத்தது மட்டும் நானு." பின்னால் செக்கிங் பெண்கள் சந்தன விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் கதவையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏப்பா அமெரிக்கா, இதுவும் உன்ற பொஸ்தகத்துல இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"இருக்காது" என்றார். அந்த ஊர்ப் பெண்கள் ஓட்டு வாங்க எழுபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டார்கள் என்று கைடில் படித்திருக்கிறேன். எங்கள் செக்கிங் பெண்கள் ஒரு கிண்ணம் சந்தனத்தில் முடித்துவிட்டார்கள் என்று எனக்கு அன்று ஒரே பெருமை. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அதையும் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டிருப்பார்.

ஆனால் அண்ணன் அண்ணன்தானே. இரண்டு நாள் யோசித்து அவரே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். கதவு வெளியே திறப்பதால் லட்சுமி போகிறாள் என்றால், தினமும் காலையில் யாராவது அதே கதவு வழியாக உள்ளே வந்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணாக இருந்தால் விசேஷம். விசாரித்ததில் வெள்ளிக்கிழமை பிறந்தது எஸ்தர் அக்காதான். "எனக்கு அதெல்லாம் நம்பிக்கையில்லீங்க" என்றார் அக்கா. "நம்ப வேண்டாம் கண்ணு, வந்தாப் போதும்" என்றார் அண்ணன். அக்காவின் காலுக்காகப் படிகளைத் தாழ்வாக மாற்றி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். துணி ரோல் இடிக்காத படிக்கட்டு. அன்றிலிருந்து தினமும் காலையில் கன்னி மூலைக் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக உள்ளே வருகிற லட்சுமி, கழுத்தில் சிலுவை போட்ட எஸ்தர் அக்கா. இரவில் போடுகிற பூட்டு துருப்பிடிக்கவில்லை, சாவி காணாமல் போகவில்லை. எந்த ஆடிட்டர் நினைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு கதவைப் பராமரித்திருக்க முடியாது.

ஒரு பங்குனி மத்தியானம் கீழே முன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி மூட்டைகளில் தீப்பொறி விழுந்துவிட்டது. தீ பெரிதில்லை, மண்ணும் தண்ணீரும் போட்டு அணைத்துவிட்டார்கள். ஆனால் புகை. கன்னங்கரேலென்று முன் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தது. அந்தப் பக்கம் யாரும் இறங்க முடியாது. மணி அடித்தேன். ஒத்திகை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தவர்கள் புகையைப் பார்த்ததும் பின்னால் திரும்பினார்கள். கதவு தள்ளியதும் திறந்தது. கழிப்பறை வரை போய்ப் பார்த்து எல்லாரும் போய்விட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டு நான் கடைசியாக இறங்கினேன். கண் எரிந்தது.

டீக்கடை பெஞ்சில் எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தார். குடித்து முடித்த கிளாஸ் பக்கத்தில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் முதலில் இறங்கியவர் அவர்தான்.

"ஏனுங்க தம்பி இத்தன நேரம்? அவசரமில்லீங்க, கெளாசக் கழுவறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பீரோ அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை. நாச்சிமுத்து அண்ணன் எங்கிருந்தோ ஓடிவந்து, சந்தில் நின்ற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் அக்கா முன்னால் வந்து நின்றார். என்னிடம் திரும்பி, "அமெரிக்கா, அந்தக் கதவுக்கு நாளைக்கு மறுக்கா ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சுரு" என்றார்.

கல்யாணத்திலிருந்து திரும்புகிற வழியில் இதையெல்லாம் மனைவியிடம் நூறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "செரி, பழைய கம்பெனி வழியாவே போலாம், பாத்துட்டு வந்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்" என்று அவளே வண்டியைத் திருப்பச் சொன்னாள். நாச்சிமுத்து அண்ணன் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. மகன்கள் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியதும் பையர் ஆர்டரை வேறு தேசத்துக்கு மாற்றிக்கொண்டான். டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. பிரௌசிங் சென்டர் இருந்ததற்கு அடையாளமே இல்லை. எங்கள் மாடியை யாரோ குடோனுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். மெஷின் சத்தம் இல்லாத அந்தச் சந்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தேன். கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பூசாத புதுச் செங்கல். சரக்குக்குப் பாதுகாப்பு வேண்டுமல்லவா? ஆள் இல்லாத இடத்தில் அது தப்பும் இல்லை, எந்த விதிப் புத்தகமும் கேள்வி கேட்காது. இரும்புப் படிக்கட்டு மட்டும், தாழ்வான படிகளும் இரண்டு பக்கக் கைப்பிடியுமாக, பழையபடி சந்திலிருந்து கிளம்பி மேலே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வாஸ்துக்காரர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அங்கேயே நின்று எஸ்தர் அக்காவுக்குப் போன் போட்டேன். ஊரில் மகள் வீட்டோடு இருக்கிறார். இப்போது இடது காலும் தகராறு. விஷயத்தைச் சொன்னேன். பின்னால் கோழி கத்துகிற சத்தம் கேட்டது.

"படி இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குதுங்கக்கா. துரு ஏறிப்போச்சு."

"படி இருந்தாச் செரி. கதவு பின்னாலயே வரும் உடுங்க."

அவர் இருக்கிறதா என்று கேட்ட படியில் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். தாங்கியது. இனி அந்தக் கதவு யாருக்காக வரவேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.